மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த எரிச்சல்

எனக்கு மாதவிடாய் முற்றிலும் நின்றபோது வயது 50. அதற்கு முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகள் படுத்தியெடுத்த உடல்வெக்கை, நள்ளிரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவை ஒவ்வொன்றாக விலகிவிட்டதால், இனி இந்த அத்தியாயத்தில் மிச்சம் ஒன்றுமில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 56ஆம் வயதில், ஒரே ஆண்டுக்குள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றிய மூன்று தொல்லைகள் வந்து சேர்ந்தன. முதலாவது நீர்க்கடுப்பு: சிறுநீர் கழிக்கும்போது கத்தியால் கீறுவது போன்ற எரிச்சலும், போய் வந்த பத்தாவது நிமிடத்தில் மீண்டும் போகவேண்டும் என்ற உந்துதலும் அந்த ஆண்டில் மட்டும் நான்கு முறை வந்தன. இரண்டாவது, வெளிப்புறத்தில் ஓயாத அரிப்பு. மூன்றாவது, கணவருடன் சேரும்போது ஏற்பட்ட வலி. முதலாவதற்கு ஒரு மருத்துவரிடமும் இரண்டாவதற்கு இன்னொருவரிடமும் போனேன்; மூன்றாவதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை.

முதல் மருத்துவர் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். இரண்டாமவர், நோயிடத்தைப் பார்க்காமலேயே, பூஞ்சைத் தொற்று என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார். அவர்கள்மீது குறை சொல்லிக் கொண்டிருக்க இப்போது விருப்பமில்லை, ஏனென்றால் நானும் ஒருவரிடம் சொன்னதை மற்றவரிடம் சொல்லவில்லை. மூன்றாவதாகப் பார்த்த பெண் நோய் மருத்துவர்தான், நான் என் கதையைத் தொடங்குவதற்கு முன்பே, கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்டார். ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்றேன். அடுத்து, உறவின்போது வலி இருக்கிறதா என்று, இருமல் இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில் கேட்டார். அந்தக் குரலின் சாதாரணத் தன்மைதான் என்னைப் பேசவைத்தது. பரிசோதித்துவிட்டு, மூன்றும் ஒரே விஷயம் என்றார்.

அன்று அவர் விளக்கியதையும், பிறகு நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன். மாதவிடாய் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் வராதிருந்தால் அதையே மெனோபாஸ் என்று மருத்துவம் வரையறுக்கிறது. சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜென் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. கருப்பைக்கும் மார்பகத்துக்கும் உரிய ஹார்மோன் என்றுதான் ஈஸ்ட்ரோஜெனை நான் நினைத்திருந்தேன். ஆனால் யோனியின் சுவர், அதன் வாயிலைச் சுற்றியுள்ள தோல், சிறுநீர்த்தாரை, சிறுநீர்ப்பையின் அடிப்பகுதி, இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் இடுப்புத்தளத் தசைகள் என எல்லா இடத்திலும் அந்த ஹார்மோனை ஏற்கும் ஏற்பிகள் இருக்கின்றன. இது வியப்புக்குரியதும் அன்று. கருவில் உடல் உருவாகும்போது சிறுநீர்த்தாரையும் யோனியின் கீழ்ப்பகுதியும் ஒரே மூலத் திசுவிலிருந்து பிரிந்து வளர்ந்தவை. நாம் தனித்தனி உறுப்புகள் என்று எண்ணி வெவ்வேறு மருத்துவர்களிடம் கொண்டுபோகிறோமே தவிர, ஹார்மோன் வற்றும்போது அவை ஒரே வயலின் பாத்திகளாகச் சேர்ந்தே காய்கின்றன.

காய்வது என்பதன் உட்பொருள் என்ன என்று பார்த்தால், இரத்த ஓட்டம் குறைகிறது. பல அடுக்குகளாக இருந்த யோனியின் உட்தோல் மெலிகிறது. விரிந்து கொடுப்பதற்கு உதவிய மடிப்புகள் தட்டையாகின்றன. இழுபடும் தன்மை போய், நாளடைவில் பாதை குறுகவும் நீளம் குறையவும் செய்கிறது. வெளியே உள்ள சிறு இதழ்கள் சுருங்குகின்றன. இயல்பாகக் கசியும் ஈரம் குறைவதால், நடக்கும்போது உள்ளாடை உரசுவதுகூடச் சிலருக்கு வேதனையாகிவிடுகிறது. எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் நீண்ட நேரம் உட்கார்ந்து எழுந்தால் தோல் வெந்தது போன்ற ஓர் உணர்வு இருக்கும். அதை வியர்வை என்றும் உள்ளாடையின் துணி என்றும் எண்ணி, இரண்டு ஆண்டுகள் உள்ளாடைகளை மாற்றிக்கொண்டே இருந்தேன்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நின்றது அமிலத்தின் கதைதான். ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892இல் யோனிக்குள் வாழும் ஒருவகை பாக்டீரியாக்களை விவரித்தார். இன்று அவற்றை லாக்டோபேசில்லஸ் என்கிறோம். ஈஸ்ட்ரோஜென் போதுமான அளவில் இருக்கும்வரை, உட்தோலின் மேலடுக்குச் செல்களில் கிளைகோஜென் என்ற மாவுச்சத்து சேர்கிறது. அந்தச் செல்கள் உதிரும்போது வெளிப்படும் சத்தை உண்டு இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் தயாரிக்கின்றன. அதனால் யோனியின் பிஎச் அளவு (புளிப்பு கூடக் கூட இந்த எண் குறையும்) 3.5 முதல் 4.5 வரை நிற்கிறது. குடலிலிருந்து வரும் ஈ.கோலை போன்ற கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது. ஹார்மோன் குறைந்ததும் செல்களில் மாவுச்சத்து குறைகிறது, உண்பதற்கு இல்லாத பாக்டீரியாக்கள் குறைகின்றன, அமிலம் குறைகிறது, பிஎச் 5க்கு மேல் ஏறிவிடுகிறது. காவல் இல்லாத வாசலில் ஈ.கோலை குடியேறுகிறது, பெண்ணின் சிறுநீர்த்தாரையோ ஏறத்தாழ 4 செ.மீ. நீளமே உள்ளது. மேலே சிறுநீர்ப்பைக்கு ஏற அதற்கு அதிகத் தொலைவு இல்லை.

என் நீர்க்கடுப்பு ஏன் திரும்பத் திரும்ப வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் அன்றைய கிருமியைக் கொன்றது; ஆனால் கிருமி வந்து தங்குவதற்கான இடத்தை மாற்றவில்லை. போதாக்குறைக்கு, மிஞ்சியிருந்த நல்ல பாக்டீரியாக்களையும் அந்த மருந்துகள் அழித்திருக்கும். ஆறு மாதங்களில் இரண்டு முறையோ ஓராண்டில் மூன்று முறையோ சிறுநீர்த் தொற்று வந்தால் அதை மீண்டும் மீண்டும் வரும் தொற்று என்று மருத்துவர்கள் வகைப்படுத்துகிறார்கள். நான்கு முறை வந்திருந்த எனக்கு, சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து அடையாளம் காணும் கல்ச்சர் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்யப்படவில்லை. இன்று யார் கேட்டாலும் முதலில் சொல்வது இதைத்தான்: திரும்பத் திரும்ப வருகிறதென்றால், மருந்தைத் தொடங்குவதற்கு முன்பு சிறுநீரைக் கல்ச்சருக்குக் கொடுங்கள். ஏனென்றால் ஈஸ்ட்ரோஜென் குறைவால் மெலிந்துபோன சிறுநீர்த்தாரை, கிருமி ஒன்றும் இல்லாமலேயே, தொற்றைப் போலவே எரியவும் அடிக்கடி போகத் தூண்டவும் செய்யும். அப்போது ஆன்டிபயாடிக் விழுங்குவதில் பயன் எதுவும் கிடையாது.

இதற்கு நேர்மாறான ஒரு நிலையும் இருக்கிறது. எரிச்சலோ காய்ச்சலோ எதுவும் இல்லாத முதிய பெண்ணின் சிறுநீரைத் தற்செயலாகப் பரிசோதித்தால் பாக்டீரியா தென்படுவது மிகவும் சாதாரணம். அறிகுறி இல்லாதபோது அதற்கு மருந்து கொடுக்கத் தேவையில்லை என்பதே பொதுவான வழிகாட்டுதல். அறிக்கையில் ஒரு கிருமியின் பெயரைப் பார்த்ததும் பதறி மருந்துக்கடைக்கு ஓடும் பழக்கம் எனக்கும் இருந்தது.

அரிப்பைப் பற்றியும் நான் தலைகீழாகவே நினைத்திருந்தேன். அரிப்பு என்றால் பூஞ்சை, பூஞ்சை என்றால் களிம்பு என்பது இளவயதில் படிந்த எண்ணம். ஆனால் பூஞ்சைக்கும் ஈஸ்ட்ரோஜென் நிறைந்த, மாவுச்சத்து மிகுந்த திசுதான் பிடிக்கும்; மாதவிடாய் நின்ற பிறகு, நீரிழிவு இல்லாத, ஹார்மோன் எடுத்துக்கொள்ளாத பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று வருவது முன்பைவிடக் குறைகிறது. நீரிழிவு உள்ளவர்களின் நிலை வேறு. அதிலும் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரைகளை எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கூடுதலாகவே இருக்கிறது. எனக்கு இரண்டும் இல்லை. ஏற்கெனவே வறண்டிருந்த தோலில் நான் மாதக்கணக்கில் தடவிய பூஞ்சைக் களிம்பு, எரிச்சலைக் கூட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பார்க்காமல் களிம்பு கொடுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய் இந்த வயதில்தான் அதிகம் தலைகாட்டும். தாங்கமுடியாத அரிப்பு, தோல் வெளிறிப்போய்க் காகிதம்போலச் சுருங்குதல், இதழ்கள் ஒட்டிக்கொண்டு உருமாறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும், தொடர்ந்து கண்காணிப்பும் வேண்டும். கவனிக்காமல் விட்டால் ஒரு சிறு விழுக்காட்டினருக்கு அந்த இடத்தில் புற்றுநோயாக மாறக்கூடும். வறட்சி என்று நாமே முடிவு கட்டிக்கொண்டாலும் தவறு, பூஞ்சை என்று முடிவு கட்டிக்கொண்டாலும் தவறு. யாராவது ஒரு மருத்துவர் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது தொல்லையைப் பற்றி எழுதுவதற்கு இன்னமும் கை தயங்கத்தான் செய்கிறது. வலி வந்த முதல் சில முறைகள் பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு, வலி வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே உடம்பு இறுகத் தொடங்கியது. இறுகிய தசை வலியைக் கூட்டியது. கூடிய வலி அடுத்த முறையின் அச்சத்தைக் கூட்டியது. கடைசியில் களைப்பு என்றும் தலைவலி என்றும் காரணம் சொல்லி விலகினேன். கணவர் அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டிருந்தார். தன்மேல் எனக்கு வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்து அவரும் பேசாமல் இருந்திருக்கிறார். முப்பது ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள் ஓராண்டு முழுக்க இப்படி ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டு கழித்தோம் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. மருத்துவர் சொன்ன பெயரை அவரிடம் சொன்ன அன்று, இது ஒரு நோயின் பெயரா என்று கேட்டுவிட்டு, நிம்மதியாக மூச்சுவிட்டார்.

அந்தப் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலமாக இந்த நிலையை யோனிச் சிதைவு, சிதைவு அழற்சி என்ற பொருள் தரும் சொற்களால்தான் மருத்துவ நூல்கள் குறித்தன. சிதைவு என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணிடம் இயல்பாகப் பேச முடியுமா? தவிரவும், அந்தச் சொற்கள் சிறுநீர்த் தொல்லைகளை உள்ளடக்கவில்லை. பலருக்கு அழற்சி என்பதே இருப்பதில்லை. 2014இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கமும், பெண்களின் பாலியல் நலத்தை ஆராயும் பன்னாட்டுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து, மெனோபாஸ்சார் பிறப்புறுப்பு - சிறுநீர்த்தொகுதிக் கூட்டறிகுறி என்று மொழிபெயர்க்கத்தக்க புதிய பெயரை முன்வைத்தன. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு ஜிஎஸ்எம் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு வடிவில் இது இருக்கிறது என்பது பொதுவான மதிப்பீடு. உடல்வெக்கையைப் போல நாளடைவில் தானாக அடங்கும் குணம் இதற்கு இல்லை. கவனிக்காமல் விட்டால் ஆண்டுகள் செல்லச் செல்ல மோசமாவதே வழக்கம். நான் செய்த பெரிய தவறு, இதையும் வெக்கையின் கணக்கில் சேர்த்து, பொறுத்திருந்தால் போய்விடும் என்று இருந்ததுதான்.

சிகிச்சை என்று வந்தபோது, மருத்துவர் முதலில் எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. நான் செய்துவந்த சிலவற்றை நிறுத்தச் சொன்னார். அரிப்பு வந்த நாளிலிருந்து, சுத்தம் போதவில்லையோ என்ற ஐயத்தில், வாசனைச் சோப்பும் அதற்கென்றே விற்கும் திரவமும் போட்டு ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவிக்கொண்டிருந்தேன். மிச்சமிருந்த அமிலத்தையும் எண்ணெய்ப்பசையையும் நானே கழுவிக் களைந்திருக்கிறேன். வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும், உட்புறம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், எதையும் உள்ளே பீய்ச்சிக் கழுவக்கூடாது என்றார். மணமூட்டிய மெல்லிய பேடுகளை நாள்முழுக்க அணிவதையும் விடச் சொன்னார். புகைபிடிக்கும் பெண்ணாக இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லியிருப்பார், ஏனெனில் புகை ஈஸ்ட்ரோஜெனை மேலும் குறைக்கிறது.

அடுத்தது ஜெல்கள். இதில் இரண்டு வகை உண்டு என்பதே எனக்குத் தெரியாது. ஈரப்பதத்தைக் காப்பதற்கான ஜெல்லை உறவோடு தொடர்பில்லாமல், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை, முகத்துக்குக் க்ரீம் பூசுவதுபோல வழக்கமாக உள்ளே இட வேண்டும். வழவழப்புத் தரும் ஜெல் உறவின் நேரத்தில் உராய்வைக் குறைப்பதற்கு மட்டும். வாங்கும்போது பிஎச் அளவு யோனியின் அளவை ஒட்டியிருக்கிறதா என்றும், ஆஸ்மொலாலிட்டி எனப்படும் செறிவு மிக அதிகமாக இல்லையா என்றும் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிச் செறிவான ஜெல் திசுவிலிருந்து நீரை உறிஞ்சி, நனைப்பதற்குப் பதில் உலர்த்திவிடும். உலக சுகாதார நிறுவனம் இந்தச் செறிவுக்கு 1200 என்ற மேல்வரம்பைக் கூறி, 380க்குள் இருப்பதே உகந்தது என்கிறது. எண்ணெய் வகைகள் லேடெக்ஸ் ஆணுறையைச் சிதைத்துவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். வறட்சி மட்டுமே உள்ளவர்களில் பலருக்கு இந்த ஜெல்களே போதுமானவையாக அமைந்துவிடுகின்றன. 2018இல் வெளியான ஒரு சோதனையில், 302 பெண்களைப் பிரித்து, யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரோஜென் மாத்திரை, ஈரப்பத ஜெல், மருந்தில்லாத போலி ஜெல் ஆகியவற்றைக் கொடுத்துப் பன்னிரண்டு வாரங்கள் ஒப்பிட்டபோது, அவர்களை அதிகம் வாட்டிய அறிகுறி எல்லாக் குழுக்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில் தணிந்திருந்தது. ஹார்மோன்தான் ஒரே வழி என்று பேசுபவர்கள் இதைக் குறிப்பிடுவதில்லை. போலி ஜெல்லும் ஒரு ஜெல்தானே, அதுவும் கொஞ்சம் நனைத்திருக்காதா என்று எதிர்த்தரப்பார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கோ சிறுநீர்த் தொற்றும் சேர்ந்திருந்ததால் ஜெல்லோடு நிற்கவில்லை. யோனிக்குள் இடும் ஈஸ்ட்ரோஜெனை மருத்துவர் பரிந்துரைத்தார். இது க்ரீமாக, சிறு மாத்திரையாக, மூன்று மாதங்கள் உள்ளேயே இருந்து சிறிது சிறிதாக மருந்தைக் கசியவிடும் மென்மையான வளையமாகப் பல வடிவங்களில் இருக்கிறது. நான் பயன்படுத்துவது 10 மைக்ரோகிராம் மாத்திரை. முதல் இரண்டு வாரங்கள் தினமும் இரவில் ஒன்று, அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, உள்ளேயிருந்த துண்டுத்தாளைப் படித்ததும் குளிர்ந்துபோனேன். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, இரத்தக்கட்டி, மறதிநோய் என ஒன்றுகூட விடாமல் எச்சரித்திருந்தார்கள். மூன்று வாரங்கள் அந்தப் பெட்டி பிரித்தபடியே அலமாரியில் கிடந்தது.

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, அது 2002இல் போய் நின்றது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையிலான 16,608 பெண்களுக்கு, ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு ஹார்மோனும் கலந்த மாத்திரையை அல்லது போலி மாத்திரையை விழுங்கக் கொடுத்து நடந்த ஆய்வை அந்த ஆண்டு ஜூலையில் இடையிலேயே நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் இதய, இரத்தக்குழாய் நோய்களும் மருந்துக் குழுவில் கூடுதலாக இருந்ததே காரணம். அது விழுங்கும் மாத்திரை. உடல்முழுவதும் பரவும் அளவு கொண்டது. யோனிக்குள் இடும் மிகச் சிறிய அளவை அந்தச் சோதனை பரிசோதிக்கவே இல்லை. ஆனாலும் ஈஸ்ட்ரோஜென் என்ற பெயர் கொண்ட எல்லாப் பெட்டிகளிலும் அதே எச்சரிக்கை ஏறிவிட்டது. நான் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன்: முதல் இரண்டு வாரங்களுக்கு 140 மைக்ரோகிராம், மீதி ஐம்பது வாரங்களுக்கு 1000 மைக்ரோகிராம், ஆக ஓராண்டு முழுவதும் சேர்த்து 1.14 மில்லிகிராம். எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜென் வகையின் விழுங்கும் மாத்திரை ஒன்றிலேயே, ஒரே நாளுக்கு, 1 மில்லிகிராம் இருக்கிறது. அந்தக் கணக்குதான் என் அச்சத்தைப் பாதி குறைத்தது. அதே ஆய்வுத் திட்டத்தில் கண்காணிக்கப்பட்ட பெண்களில் யோனி ஈஸ்ட்ரோஜெனைத் தாமாகப் பயன்படுத்தியவர்களைப் பற்றிய பகுப்பாய்வு 2018இல் வெளிவந்தது. பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிடும்போது அவர்களுக்கு மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் புற்றுநோயோ பக்கவாதமோ கூடியிருக்கவில்லை. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் கட்டமிட்ட எச்சரிக்கைகளை நீக்கும் நடவடிக்கையை அறிவித்தது. இருபத்து மூன்று ஆண்டுகள்! அத்தனை காலத்தில் எத்தனை அலமாரிகளில் எத்தனை பெட்டிகள் கிடந்தனவோ.

மருந்தின் பலன் உடனே தெரிந்துவிடவில்லை. எரிச்சல் குறைய மூன்று நான்கு வாரங்கள் ஆயின. வலி விலகப் பன்னிரண்டு வாரங்களை நெருங்கியது. மெலிந்த தோல் மீண்டும் தடித்து வரவேண்டும் அல்லவா, பொறுமை தேவைதான். நான்கே நாட்களில் நின்றுவிடும் என்று எதிர்பார்த்து, இல்லையென்றதும் கைவிடுபவர்கள் நிறைய என்று மருத்துவர் சொன்னார். நல்லாகிவிட்டதே என்று இடையில் நானாகவே இரண்டு மாதங்கள் விட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாதம் எரிச்சல் திரும்பி வந்துவிட்டது. மருந்து வற்றிய ஊற்றைத் தோண்டிவிடுவதில்லை, வெளியிலிருந்து நீர் ஊற்றுகிறது என்பதை அப்போது புரிந்துகொண்டேன். இந்தச் சிறிய அளவுக்குக் கருப்பையைப் பாதுகாக்கப் புரோஜெஸ்டின் சேர்க்க வேண்டியதில்லை என்பதும் எனக்கு ஆறுதலாக இருந்தது.

சிறுநீர்த் தொற்றைப் பொறுத்தவரை இதற்கு ஆதாரம் பழமையானது. 1993இல் ராஸ், ஸ்டாம் ஆகிய இருவர், அடிக்கடி தொற்று வந்த 93 பெண்களில் ஒரு பகுதியினருக்கு எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜென் வகையின் யோனிக் க்ரீமையும் மற்றவர்களுக்குப் போலிக் க்ரீமையும் கொடுத்துப் பார்த்தார்கள். போலிக் க்ரீம் குழுவில் ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 5.9 முறை தொற்று வந்தது. எஸ்ட்ரியால் குழுவில் 0.5 முறை. சிகிச்சைக்கு முன்பு எவரிடமும் காணப்படாத லாக்டோபேசில்லஸ், ஒரு மாதத்துக்குப் பின் எஸ்ட்ரியால் குழுவில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 61 விழுக்காட்டினரிடம் திரும்பியிருந்தது. போலிக் க்ரீம் குழுவில் ஒருவரிடமும் இல்லை. நான் நான்கு சுற்று ஆன்டிபயாடிக் விழுங்கியது அந்த ஆய்வு வெளிவந்து கால் நூற்றாண்டுக்கும் மேலான பிறகு.

சிறுநீர்க் கசிவு தனியாகச் சொல்லவேண்டியது. இருமினால், தும்மினால், பாரம் தூக்கினால் கசிவது ஒருவகை; கழிப்பறைக் கதவைத் திறப்பதற்குள் முந்திக்கொண்டு வந்துவிடுவது வேறொரு வகை. இரண்டாவதில் யோனி ஈஸ்ட்ரோஜென் ஓரளவு உதவுகிறது. முதலாவதற்கு இடுப்புத்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியே முதல் சிகிச்சை. ஆர்னால்ட் கெகல் என்ற மருத்துவர் 1948இல் எழுதிப் பரப்பிய பயிற்சி அது, அவர் பெயராலேயே வழங்குகிறது. வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு, பயிற்சி செய்கிறோம் என்று நினைப்பவர்கள் பலர். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், ஒரு பிசியோதெரபிஸ்ட் திருத்தும்வரை. வலியால் தசை ஏற்கெனவே இறுகிப்போயிருப்பவர்கள் முதலில் கற்கவேண்டியது தளர்த்துவதை. அவர்கள் கேட்காமல் கெகல் செய்தால் வலி கூடவும் கூடும். விந்தையான ஒன்று: விழுங்கும் ஈஸ்ட்ரோஜென் மாத்திரை கசிவைக் குறைக்கவில்லை, கூட்டுகிறது என்று முன்சொன்ன பெரிய ஆய்விலேயே தெரியவந்தது. ஒரே ஹார்மோன்தான், ஆனால் எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுத்து அதன் வேலை மாறுகிறது.

லேசர் சிகிச்சை பற்றியும் என்னிடம் கேட்கிறார்கள். இளமையை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்யப்படும் அந்தக் கருவிகளைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இலேயே எச்சரித்தது. 2021இல், லேசர் உண்மையாகவே செலுத்தப்பட்டவர்களையும் செலுத்துவதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களையும் ஓராண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வில் இரு தரப்புக்கும் வேறுபாடு காணப்படவில்லை. என் கருத்தைக் கேட்டால், அந்தப் பணத்தைக் கையிலேயே வைத்திருக்கலாம்.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் நிலை கடினமானது. அவர்கள் எடுத்துக்கொள்ளும் சில மாத்திரைகள் உடலில் எஞ்சியுள்ள ஈஸ்ட்ரோஜெனையும் துடைத்தெடுப்பதால் வறட்சி அவர்களுக்கு மிகக் கடுமையாக வரும். ஹார்மோன் இல்லாத ஜெல்களில் தொடங்கி, அவை போதாதபோது மட்டும், புற்றுநோய் மருத்துவரையும் கலந்துகொண்டுதான் அடுத்த அடி வைக்க வேண்டும். என் தோழி ஒருத்தி அப்படித்தான் தன் மருத்துவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்துப் பேசி முடிவெடுத்தாள்.

இன்னும் ஒன்றைத் தடித்த எழுத்தில் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் அதை வறட்சியால் வந்த கீறல் என்று நாமே சொல்லிக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது மெலிந்த தோலிலிருந்து வந்ததாகவே இருக்கும். ஆனால் அப்படி இரத்தப்போக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குக் கருப்பை உட்படலத்தில் புற்றுநோய் இருக்கிறது, அதைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணப்படுத்தும் வாய்ப்பும் மிக நன்றாக இருக்கிறது. ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு கீறல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு இப்போது 79 வயது. இரவில் ஐந்து முறை எழுந்து கழிப்பறைக்குப் போவார். ஒருமுறை இருட்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். என் சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் கழித்து, எரிச்சல் இருக்கிறதா அம்மா என்று முதன்முறையாகக் கேட்டேன். "அது உங்கப்பா இருந்த காலத்துலேர்ந்தே இருக்கு, வயசானா அப்படித்தானே" என்றார். அப்பா மறைந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. அதே பெண் நோய் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். சர்க்கரையும் இதயமும் மாலையில் எடுத்துக்கொள்ளும் நீர்மாத்திரையும் முதலில் பார்க்கப்பட்டன, மாத்திரையின் வேளை மாற்றப்பட்டது, அதன்பிறகு க்ரீம் தொடங்கப்பட்டது. இப்போது இரண்டு முறைதான் எழுகிறார். க்ரீம் இடும் குழாயைத் தானே பிடிக்க அவருக்கு விரல் ஒத்துழைப்பதில்லை என்பதால், புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நான்தான் போட்டுவிடுகிறேன். முதல் வாரம் இருவருமே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் அம்மா அந்த நேரத்தில் மறுநாள் சமையலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்.